அரபகம் நுழைந்த ரோமப் படையும் பழி சுமந்த வழிகாட்டியும்

உலக வரலாறு என்னும் பெயரால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வரும் நூல்களில் ரோமாபுரிக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கப்பட்டிருக்கும். சாலைகள், சட்டங்கள், நீர்ப்பாலங்கள், செனட் சபை, அகஸ்டஸ் சீசர் நிலைநாட்டிய அமைதி என்று அது விரிந்துகொண்டே போகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முற்பட்ட அரபகத்துக்கோ ஒரு வரி. அந்த ஒரு வரியில் மணல் இருக்கும், கூடாரம் இருக்கும், ஒட்டகம் இருக்கும். வேறு எதுவும் இராது.

பிறகு சில பக்கங்கள் தள்ளி, ஏழாம் நூற்றாண்டில் அந்த மணலிலிருந்து திடீரென்று ஒரு வெள்ளம் கிளம்பும். வாள் பளபளக்கும். நாகரிக உலகம் நடுங்கும்.

பிள்ளைகள் இதைப் படித்து மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். பெற்றோராகிய நாமும் மகிழ்ச்சியோடு கையொப்பம் இடுகிறோம். அந்த வெள்ளத்துக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, அதே அமைதி வேந்தர் அகஸ்டஸின் ஆணையால், ரோமப் படையொன்று அரபகத்தின் வடமேற்குக் கரையில் இறங்கித் தெற்கே யமன் நாட்டின் உட்பகுதி வரை சென்றதே, அதைப் பற்றி அந்த நூல்களில் ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சற்றுப் பெரிய நூல்களைப் புரட்டினால், அங்கே அது ‘ஆய்வுப் பயணம்’ என்றும், ‘தவறிய முயற்சி’ என்றும், ‘வழிகாட்டியின் துரோகத்தால் கெட்ட காரியம்’ என்றும் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். வடக்கே போனால் படையெடுப்பு, தெற்கே வந்தால் பயணம்! ஈதென்ன நியாயம்?

நடந்தது என்னவென்று பார்ப்போம். கி.மு. 30இல் கிளியோபாத்ராவின் எகிப்து ரோமருக்கு மாகாணமாயிற்று. செங்கடலின் ஒரு கரை அவர்கள் கைக்கு வந்தது. மறு கரை வரவில்லை. மறு கரையில் இருந்ததோ செல்வம். குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் தென் அரபகத்திலிருந்து ஒட்டகச் சாரிகளில் வடக்கே சென்றன. ரோமர்களின் ஒவ்வொரு கோயிலிலும், ஒவ்வோர் ஈமச் சிதையிலும் அந்தப் புகைதான். அதற்கு விலையாகப் பொன்னும் வெள்ளியும் தெற்கே போயின. போன பொன் திரும்பி வரவில்லை என்பதுதான் ரோமரின் மனக்குறை.

இது நம் கற்பனை அன்று. ஸ்ட்ராபோ என்னும் கிரேக்க நிலநூலார் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அந்த மக்கள் செல்வர்கள் என்று அகஸ்டஸ் கேள்விப்பட்டிருந்தார். நட்பாக வந்தால் செல்வந்த நண்பர்கள் கிடைப்பார்கள், பகையாக நின்றால் செல்வந்தப் பகைவர்களை அடக்கியாளலாம் என்று எண்ணினார் என்பதே அவர் தரும் விளக்கத்தின் சாரம். எல்லையில் கலகம் இல்லை, தூதர் அவமதிக்கப்படவில்லை, வணிகர் கொள்ளையிடப்படவில்லை. செல்வம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் காட்ட ரோமரின் நண்பராலேயே முடியவில்லை. ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ், தம் நண்பர் இக்கியஸ் தத்துவ நூல்களை விட்டுவிட்டு அரபகத்துச் செல்வத்தின் மேல் கண் வைத்துப் போர்க்கோலம் பூணுவதை ஒரு பாட்டிலே கேலி செய்திருக்கிறார். போர் எதற்கென்று அவ்வூரில் எல்லார்க்கும் தெரிந்தே இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து எழுதும் சரித்திர ஆசிரியர்களுக்கு மட்டும் அது ஆய்வுப் பயணமாகத் தோன்றுகிறது.

படையின் தலைவர் எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் காலஸ். ஆண்டு கி.மு. 26–25 என்பது பெரும்பாலோர் கணக்கு. ஏறத்தாழப் பத்தாயிரம் காலாட்கள். அவர்களுள் நபத்திய அரசு அனுப்பிய 1,000 பேர், யூத மன்னர் ஏரோது அனுப்பிய 500 பேர். நபத்தியரின் அமைச்சர் சிலேயஸ் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார்.

முதல் வேலையாகக் காலஸ் 80 போர்க்கப்பல்களைக் கட்டினார், இன்றைய சூயஸ் நகருக்கு அருகே. கடற்போர் செய்ய எதிரே எவரும் இல்லை என்பது கப்பல்கள் கட்டி முடிந்த பின்தான் அவர் மனத்தில் பட்டது. பிறகு 130 சரக்குக் கப்பல்களைக் கட்டிப் படையை ஏற்றினார். பதினான்கு நாள் அல்லல்பட்டு, பகைவர் எவரும் இல்லாத கடலில், பாறையிலும் திட்டிலும் மோதிப் பல கப்பல்களை ஆட்களோடு இழந்து, லியூக்கே கோமே என்னும் நபத்தியத் துறைமுகத்தில் கரையேறினார். அங்கே படையில் வாய் அழுகும் நோயும் கால் முடங்கும் நோயும் பரவின. கோடையும் குளிரும் அங்கேயே கழிந்தன. ஓர் அரபி வாள் கூட இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு தெற்கே நடந்தார்கள். நீரை ஒட்டகங்களின் மேல் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. முப்பது நாள் ஒரு நாட்டில், ஐம்பது நாள் பாதையே இல்லாத இன்னொரு நாட்டில். நஜ்ரான் வீழ்ந்தது. அங்கிருந்து ஆறு நாள் வழியில் ஓர் ஆற்றங்கரையில் போர் நடந்தது. மேலும் சில ஊர்கள் பிடிபட்டன. அத்ரூலா என்ற ஊரில் காவற்படை வைத்து, தானியமும் பேரீச்சையும் திரட்டிக்கொண்டார்கள். இறுதியில் மர்சியபா என்று ஸ்ட்ராபோ பெயர் சொல்லும் நகரத்தை முற்றுகையிட்டார்கள். அது சபா நாட்டின் தலைநகராகிய மஆரிப் என்பதே அறிஞர் பலரின் முடிவு. ஆறு நாள் முற்றுகை. ஏழாம் நாள் குடிக்க நீரில்லை. காலஸ் திரும்பிவிட்டார். போகும்போது ஆறு மாதம் பிடித்த வழி, திரும்பும்போது அறுபது நாளில் கடந்தது.

அறுபது நாளில் திரும்ப முடிந்த வழிக்கு ஆறு மாதம் ஏன் என்ற கேள்வி ரோமாபுரியில் எழாமல் இருக்குமா? விடை ஆயத்தமாக இருந்தது: வழிகாட்டி துரோகி. சிலேயஸ் வேண்டுமென்றே சுற்றுவழியில் கூட்டிச் சென்றான், தரைவழி இல்லையென்று பொய் சொல்லிக் கடலில் ஏற்றினான், பாலையில் அலையவிட்டான். இப்படி எழுதுகிறவர் ஸ்ட்ராபோ. அவர் யார்? காலஸின் நெருங்கிய நண்பர். அவரோடு நைல் நதியில் தெற்கு எல்லை வரை பயணம் செய்தவர். தோற்ற தளபதியின் தோழர் எழுதிய வாக்குமூலத்தை நீதிபதியின் தீர்ப்பாக இன்றளவும் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாக்குமூலத்தை அதன் சொந்தச் சொற்களைக் கொண்டே சோதிப்போம். பெட்ராவுக்கும் லியூக்கே கோமேவுக்கும் இடையே வணிகச் சாரிகள் ஆளும் ஒட்டகமுமாக ஒரு படையே போவது போலப் பாதுகாப்பாகப் போய்வந்துகொண்டிருந்தன என்று சொல்பவரும் அதே ஸ்ட்ராபோதான். ஊரறிந்த பாதை அது. அலெக்சாந்திரியா நகரில் நறுமணப் பண்டம் விற்ற எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். எகிப்து முழுவதையும் ஆண்ட ஆளுநர், ஒரே ஒரு மனிதரின் சொல்லை நம்பிப் பத்தாயிரம் பேரைக் கப்பலில் ஏற்றினார் என்றால் அங்கே குற்றவாளி யார்? எண்பது போர்க்கப்பல்களைக் கட்டச் சொன்னதும் சிலேயஸ்தானா? வாய் அழுகும் நோயைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தானா?

இன்னொன்றும் உண்டு. சிலேயஸ் ரோமாபுரியில் தலை வெட்டப்பட்டு இறந்தது உண்மை. இந்தத் துரோகத்துக்காகவும் சேர்த்தே அத்தண்டனை என்பது போல ஸ்ட்ராபோ எழுதிச் செல்கிறார். ஆனால் அது நடந்தது படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அவர் ஒளிந்து வாழ்ந்தாரா? இல்லை. நபத்திய அரசின் அமைச்சராகவே வீற்றிருந்தார். ஏரோது மன்னர்மேல் குற்றஞ்சாட்டி அகஸ்டஸின் அவைக்கே நேரில் சென்றார். அகஸ்டஸும் அவர் சொல்லை நம்பி ஏரோதின்மேல் சினங்கொண்டார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். தம் படையை அழித்த துரோகியின் பேச்சைக் கேட்டு எந்தப் பேரரசராவது தம் நட்பரசர்மேல் சினங்கொள்வாரா? பின்னாளில் வேறு வழக்குகளில் சிக்கித்தான் அவர் தலை உருண்டது. உருண்ட தலைமேல் பழைய கணக்கு ஒன்றையும் எழுதிக்கொண்டார்கள். இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான் அல்லவா?

சிலேயஸைத் தியாகியாக்க நாம் முன்வரவில்லை. பதவி வேட்கை கொண்ட மனிதர் அவர். படை வென்றாலும் தோற்றாலும் தமக்கு ஆதாயம் என்றே கணக்கிட்டிருப்பார். ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். யமனிலிருந்து கிளம்பி மக்கா மாநகர் நோக்கி வந்த அப்ரஹாவின் படைக்கு வழிகாட்டியவன் அபூ ரிகால் என்று நம் முன்னோர் வரலாறு சொல்கிறது. அரபிகள் அவன் கல்லறைமேல் கல்லெறிந்தார்கள். அந்நியப் படைக்கு வழிகாட்டியதற்காக அவனைக் கல்லால் அடித்தது அரபகம். சரியாக வழிகாட்டவில்லை என்பதற்காகச் சிலேயஸைப் பழித்தது ரோமாபுரி. துரோகம் என்னும் ஒரே சொல் எவர் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து எப்படி முகம் மாறுகிறது, பாருங்கள்.

ஆற்றங்கரைப் போருக்கு வருவோம். அரபிகளில் 10,000 பேர் மாண்டார்கள். ரோமரில் மாண்டவர் இருவர். இப்படித்தான் எழுதியிருக்கிறார் ஸ்ட்ராபோ. படையெடுப்பு முழுவதிலும் போரில் இறந்த ரோமர் ஏழே பேர் என்றும், மற்றவரெல்லாம் பசியாலும் நோயாலும் களைப்பாலும் வழிக்கொடுமையாலும் மாண்டனர் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நோயால் நலிந்து, மாதக்கணக்கில் பாலையில் அலைந்து, தண்ணீருக்கு நாக்கு வறண்ட ஒரு படை, சொந்த மண்ணில் நின்ற மக்களில் பத்தாயிரம் பேரைக் கொன்று இருவரை மட்டும் இழந்ததாம். களத்தில் நின்று எண்ணியவர் யார்? ஏறத்தாழ இரு நூற்றாண்டு பிற்பட்டு எழுதிய டியோ காசியஸ், படையின் பெரும்பகுதி வெயிலிலும் நோயிலும் அழிந்தது என்றே கூறுகிறார்.

இந்தத் தோல்வியை அகஸ்டஸ் எப்படி எழுதினார் தெரியுமா? தம் வாழ்நாள் சாதனைகளைத் தாமே தொகுத்து, வெண்கலத்தில் பொறித்து நிறுத்தச் செய்தார் அவர். அதில் அரபகப் படையெடுப்பும் வெற்றிகளின் வரிசையில் நிற்கிறது. படை மஆரிப் வரை சென்றது, பகைவர் பெருந்தொகையாய் வீழ்ந்தனர் என்று. திரும்பி வந்த கதை அங்கே இல்லை. தண்ணீர் இல்லை என்ற செய்தியும் இல்லை. அதன் கல்லெழுத்துப் படிகளில் மிக முழுமையானது துருக்கியில், அங்காரா நகரில், பழைய கோயிற்சுவரில் இருக்கிறது. அச்சுவரை ஒட்டினாற் போலவே பதினைந்தாம் நூற்றாண்டில் ஹாஜி பைராம் பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் அங்கே தொழுதுவிட்டு வெளியே வருபவர்கள் அந்தச் சுவரைக் கடந்துதான் போகிறார்கள். பள்ளிவாசல் கட்டியவர்கள் அச்சுவரை இடிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

அகஸ்டஸின் கல்லுக்கு வரலாறு ஒரு சிறு குறும்பும் செய்தது. எகிப்திலிருந்து படையின் ஒரு பகுதி காலஸோடு போயிருந்த சமயம் பார்த்து, தெற்கே நூபியா நாட்டின் குஷ் அரசியாரின் படை எல்லையூர்களைத் தாக்கியது; சீசரின் சிலைகளையும் பெயர்த்துச் சென்றது. அவற்றில் ஒன்றின் வெண்கலத் தலை 1910இல் சூடான் நாட்டு மெரோவியில், ஒரு கோயிலின் வாயிற்படிக்குக் கீழே புதைந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. உள்ளே போகிறவரெல்லாம் அதை மிதித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அத்தலை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னோம். இனி நம்மவரை நோக்கியும் சில சொல்ல வேண்டும். அது சிலருக்குக் கசக்கும்.

அரபகத்தின் பழமைக்கு ஒரு வரிதான் என்று பாடநூல்களைக் குறை கூறுகிறோமே, நம் மீலாது மேடைகளில் எத்தனை வரி? பெண் மகவைப் புதைத்தார்கள், குடித்தார்கள், குலச்சண்டையிட்டார்கள், சிலைகளை வணங்கினார்கள். உண்மை, இவற்றை எவரும் மறுக்கவில்லை. அதோடு அரபகம் முடிந்துவிட்டதா? இருட்டை எவ்வளவுக்கு அடர்த்தியாகத் தீட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஒளி சிறக்கும் என்று நம் சொற்பொழிவாளர்கள் நம்புகிறார்கள் போலும். பெருமானாரின் பெருமைக்கு அப்படியொரு முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. திருமறையோ சபா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைக் கொண்டிருக்கிறது. அந்நாட்டின் தோட்டங்களையும், அவற்றை அழித்த பெருவெள்ளத்தையும், அந்நாட்டை ஆண்ட அரசியின் மதிநுட்பத்தையும் நமக்குச் சொல்கிறது. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைப் பயணத்தையும் சொல்கிறது. யமனுக்கும் ஷாமுக்கும் இடையே அவர்கள் சென்ற அந்த வழி, குந்திரிக்கச் சாரிகள் காலங்காலமாய் நடந்த வழியே அல்லவா? மறையை ஓதுகிறோம், அது சுட்டிக்காட்டும் நாட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டோம் என்கிறோம்.

மஆரிப் அணை ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ளது. மலையிலிருந்து பருவமழையில் பாய்ந்துவரும் வெள்ளத்தை மறித்து, இரு பக்கமும் கற்கட்டு மதகுகள் வழியாக வயலுக்குத் திருப்பிவிட்டது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கட்டப்பட்டு, உடைந்தும் செப்பனிடப்பட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அந்த மக்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது. அவர்களின் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ரோமப் படை தண்ணீர் இல்லாமல் திரும்பியது, தண்ணீரை ஆளத் தெரிந்த ஒரு மக்களின் நகர்வாயிலிலிருந்து. இதை நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்றால், ரோமன் நாகரிகம் கொண்டுவந்தான் என்று பிறர் எழுதும்போது எதைக் கொண்டு மறுப்போம்?

வேறொரு கூட்டத்தாரும் நம்மிடையே உண்டு. இந்தச் செய்தி அவர்கள் காதில் விழுந்தால் மறுநாளே மேடையில் அரபு வீரர்கள் ரோமப் பேரரசைப் புறமுதுகிடச் செய்த காவியமாக்கிவிடுவார்கள். அதுவும் பொய். ஆற்றங்கரையில் அரபிகள் தோற்றார்கள். நஜ்ரான் அரசர் ஊரை விட்டு ஓடினார். பல ஊர்கள் போரின்றியே பணிந்தன. ரோமரைத் திருப்பி அனுப்பியவை வறட்சியும் நோயும் அவர்களின் அறியாமையுமே. ஸ்ட்ராபோவின் பத்தாயிரத்தை நாம் நகைக்கிறோம். நியாயமே. அப்படியானால் யர்மூக் போரில் (கி.பி. 636) ரோமர் இரண்டு லட்சம் பேர் என்று பழைய அரபு நூல்களில் காணும் எண்ணை அப்படியே முழங்குவதையும் நாம் நிறுத்த வேண்டும். அவ்வளவு பெரிய படைக்கு ஒரே இடத்தில் சோறும் தண்ணீரும் கொடுக்க அந்நாளில் எந்தப் பேரரசாலும் இயலாது. பிறன் மிகைக்கு ஒரு தராசு, நம் மிகைக்கு வேறு தராசு என்று வைத்துக்கொண்டால், வடக்கே போனால் படையெடுப்பு தெற்கே வந்தால் பயணம் என்று எழுதுகிறவனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? ரோமர் முதலில் வந்தார்கள் என்பதைக் கொண்டு பின்னர் நடந்த போர்கள் அனைத்தையும் நியாயமாக்கவும் நாம் விரும்பவில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழையுங்கள் என்கிறோம், அவ்வளவே.

ரோமர் தேடிப் போன செல்வத்தைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் அரபகத்துப் பொருள் என்று நினைத்தவற்றில் பல அரபகத்தில் விளைந்தவையே அல்ல. கறுவாப்பட்டை கிழக்கே வெகுதொலைவிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை அரபு வணிகர்கள் சொல்லவில்லை. எந்த வணிகன்தான் சொல்வான்? அத்தனை பேரைப் பலிகொடுத்தும் கிடைக்காதது, கடலோடிகளின் பருவக்காற்றில் கிடைத்தது. காலஸ் ஆளுநராய் இருந்த நாளிலேயே எகிப்தின் மயோஸ் ஹொர்மோஸ் துறையிலிருந்து இந்தியாவுக்கு 120 கப்பல்கள் போவதைத் தாம் அறிந்ததாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். முசிறிக்கு வந்து மிளகு வாங்கிப் போன கப்பல்கள் அந்த வழியில் வந்தவைதாம். பிற்பாடு பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று அங்கலாய்த்தார். பொன் கொடுத்துச் சரக்கு வாங்குவது அவர்களுக்கு எப்போதுமே இழப்பாகத்தான் தோன்றியது. நம் கடற்கரை ஊர்களில் மரக்கலம் ஓட்டிய முன்னோரின் வழிவந்த குடும்பங்கள் இந்த வரியைப் படித்தால் புன்னகை புரியும்.

அகஸ்டஸின் அமைதி அரபகத்தை அத்தோடு விட்டுவிடவும் இல்லை. கி.பி. 106இல் திராயன் நபத்திய நாட்டை விழுங்கி அதற்கு அரேபியா மாகாணம் என்று பெயரிட்டார். ரோமருக்கு உதவியாக ஆயிரம் பேரை அனுப்பி வைத்த அந்த நபத்தியம்தான். செங்கடலின் தென்கோடியில் ஃபரசான் தீவில் கி.பி. 144ஆம் ஆண்டின் லத்தீன் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது; அங்கேயும் ரோமச் சிப்பாய்கள் காவல் இருந்திருக்கிறார்கள்.

யமன் நாட்டில் பராகிஷ் என்னும் ஊர், பழைய கற்சுவர் சூழ நிற்கிறது. காலஸ் காவற்படை வைத்த அத்ரூலா அதுவே. அங்கே ஒரு கல்லறைக் கல்லின் துண்டு கண்டெடுக்கப்பட்டது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் பெயர் பொறித்திருக்கிறது: கொர்னேலியஸ், குதிரை வீரன். காலஸின் படையில் வந்தவன் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஸ்ட்ராபோ எண்ணிய ஏழு பேரில் அவனும் ஒருவனோ, எண்ணாமல் விட்ட ஆயிரங்களில் ஒருவனோ.